சிட்டுவின் நெஞ்சு

பெரியவளுக்குப் பொறாமை அதிகம் என்று யாராவது முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால், கையிலிருக்கும் கத்தரிக்கோலை மேசையில் டங்கென்று வைத்துவிட்டு, "எனக்கா? அவ மேலயா? எனக்கு வேற வேலை இல்ல பாரு" என்றிருப்பாள். அதைச் சொல்லும்போதே அவள் காது மாடிப்படிப் பக்கம் போயிருக்கும். மாடியில் சின்னவள் யாரோடு சிரித்துப் பேசுகிறாள், போனிலா நேரிலா, அப்படி என்னதான் பேச்சு என்று அந்தக் காது துழாவிக்கொண்டிருக்கும். வாய் எவ்வளவு மறைத்தாலும் காது காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டு பேரும் ஓரகத்திகள். அண்ணனைக் கட்டியவள் பெரியவள், தம்பியைக் கட்டியவள் சின்னவள். கீழ்வீட்டில் அண்ணன் குடும்பம், மாடியில் தம்பி குடும்பம். அண்ணனும் தம்பியும் சேர்ந்து கடைத்தெருக் கோடியில் வண்டி பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்தார்கள். பெரியவள் வீட்டு முன்னறையில் இரண்டு தையல் மெஷின்களைப் போட்டுக்கொண்டு பள்ளிச் சீருடையும் ஆஸ்பத்திரி அங்கியும் தைத்துக் கொடுத்தாள். ஓடுகிற மெஷினின் தலையில் உள்ளங்கையை வைத்தாலே போதும், உள்ளே எது தேய்ந்திருக்கிறது, எது தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். மெக்கானிக் வந்து கழற்றிப் பார்த்தால் அது அப்படியே இருக்கும். சின்னவளுக்கு ஒரு பயண ஏற்பாட்டு அலுவலகத்தில் டிக்கெட் போடும் வேலை.

சின்னவள் இந்த வீட்டுக்கு வந்து நான்கு வருஷம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் பதினேழு வருஷம் இந்த வீட்டைத் தூக்கி நிறுத்தியவள் பெரியவள். அதை யாரும் இல்லை என்று சொல்லவில்லை. யாரும் வாய்விட்டுச் சொல்லவும் இல்லை, அதுதான் விஷயம். சின்னவள் ஒரு நாள் டீ போட்டால், "டீன்னா இது டீ" என்பார் பெரியவளின் கணவர். பதினேழு வருஷமாக அவர் குடித்தது என்ன, வெந்நீரா? துணி கொடுக்க வருகிற பெண்கள் அளவு கொடுக்கும்போதே, "மாடியில இருப்பாங்களே, நல்லா பேசுவாங்களே, அவங்க இல்லையா?" என்று கேட்பார்கள். பெரியவள் அளவு நாடாவைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிப்பாள். எல்லாவற்றுக்கும் மேலே, பெற்ற மகள். வெளியூர் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். சாயங்காலம் ஆனால் அவள் போன் முதலில் மாடியில்தான் அடிக்கும். "சித்தி, சித்தி" என்று அரை மணி நேரம். பிறகு கீழே, "அம்மா, சாப்டியா? சரிம்மா, தூக்கம் வருது."

இந்த நிலைமையில்தான் குட்டிகள் வந்தன.

பட்டறை வாசலில் படுத்துக் கிடந்த நாய் இரண்டு குட்டி போட்டு, ஐந்தாவது வாரத்தில் ஒருநாள் காணாமல் போனது. அண்ணனும் தம்பியும் குட்டிகளை ஓர் அட்டைப்பெட்டியில் வைத்து, குற்றம் செய்தவர்கள் முகத்தோடு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டும் ஒரே அச்சு. பழுப்பு உடம்பு, நெஞ்சில் வெள்ளை, நான்கு கால்களிலும் வெள்ளை. கீழ்வீட்டுக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று என்று முடிவானது. பெரியவள் தன் குட்டிக்கு, மெஷினில் அடிநூல் சுற்றும் உருளையின் பெயரையே, பாபின் என்று வைத்தாள். சின்னவள் சிட்டு என்று வைத்தாள். பெரியவள் மிச்சத் துணியில் இரண்டு கழுத்துப் பட்டை தைத்து, சிவப்பில் பாபின் என்றும் நீலத்தில் சிட்டு என்றும் நூலால் எழுதி, பிரஸ் பட்டன் வைத்து மாட்டிவிட்டாள். பட்டையைப் பார்க்காமல் எது எது என்று சொல்ல ஆண்கள் இருவராலும் முடியாது. பத்தாம் நம்பர் ஸ்பேனரையும் பதினோராம் நம்பரையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்லும் மகாராஜாக்கள்.

சீருடை தைக்கிற சீசன் என்பதால் முதல் தடுப்பூசிக்கு இரண்டு குட்டிகளையும் சின்னவள்தான் டாக்டரிடம் தூக்கிப்போனாள். பெயரும் எடையும் எழுதி, குட்டிக்கொரு கார்டு கொடுத்தார்கள். அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் சின்னவள் சிட்டுவை மார்போடு அணைத்துக்கொண்டு கீழே ஓடிவந்தாள்.

"அக்கா, இங்க கை வைங்களேன். இதோட நெஞ்சுல. நான் தூக்குனா கிர்ர்னு ஆடுது பாருங்க. பூனை மாதிரி. சந்தோஷத்துல ஆடுது."

பெரியவள் வேண்டா வெறுப்பாகக் கை வைத்தாள். உண்மைதான். இடது பக்கம், முன்னங்காலுக்குப் பின்னால், தோலுக்கடியில் விடாமல் ஒரு நடுக்கம். நல்ல எண்ணெய் விட்ட மெஷின் இப்படித்தான் கைக்குத் தெரியும். உடனே பாபினைத் தூக்கி அதன் நெஞ்சில் கை வைத்தாள். டிக் டிக் டிக். அவ்வளவுதான். கிர்ரும் இல்லை, சர்ரும் இல்லை. மறுபடி மறுபடி வைத்துப் பார்த்தாள். பாபின் அவள் கட்டைவிரலைக் கடித்தது.

அந்த வாரம் வீட்டில் வேறு பேச்சே இல்லை. "அண்ணி, இங்க கை வெச்சுப் பாருங்களேன், என்னமா ஆடுது!" என்று மைத்துனன் பத்து தடவையாவது சொன்னான். பட்டறைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கதை சொன்னான். மகள் போனில், "சித்தி, போனை அது நெஞ்சுல வைங்க, நான் கேக்கணும்" என்று குதித்தாள். பெரியவளின் கணவர் கூட, சாப்பாட்டில் கை வைத்தபடி, "மனுஷங்களைத்தான் பிடிக்கும்னு நெனச்சேன், வாயில்லாத ஜீவனுக்கும் சின்னவளைத்தான் பிடிச்சிருக்கு" என்றார். பெரியவளுக்கு வயிறு எரிந்தது. எரிந்த வயிற்றோடு அவருக்கு மோர் ஊற்றினாள்.

சின்னவள் ஆபீஸ் போனதும் இரண்டு குட்டிகளும் கீழேதான் கிடக்கும். பால்பொடி கரைத்து ஊட்டுவது பெரியவள், துடைப்பது பெரியவள், மெஷின் மிதியில் வால் மாட்டாமல் பார்ப்பது பெரியவள். ஒரு மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாத நேரம், சிட்டுவை மடியில் போட்டு நெஞ்சில் கை வைத்தாள். கிர்ர்ர். கையை எடுத்தாள், வைத்தாள். கிர்ர்ர். "அடி கள்ளி, உனக்கு என்னையும் பிடிக்குமா?" என்றாள். பிறகு யோசித்தாள். நாள் முழுக்கப் பார்த்துக்கொள்வது யார்? இது ஆடுவது யாருக்காக? மாடிக்காரி சாயங்காலம் வந்து ஒரு மணி நேரம் கொஞ்சிவிட்டுப் பேரைத் தட்டிக்கொண்டு போகிறாள். என் மகளைத் தட்டிக்கொண்டு போன மாதிரி.

மறுநாள் மத்தியானம் இரண்டு பிரஸ் பட்டன்கள் டக், டக் என்று கழன்றன. டக், டக் என்று மாறி மாட்டிக்கொண்டன. அவ்வளவு சுலபமாக அவள் வாழ்க்கையில் எதுவும் நடந்ததில்லை.

சாயங்காலம் சின்னவள் நீலப் பட்டைக் குட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். பெரியவள் மெஷினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் சின்னவள் இறங்கி வந்தாள்.

"அக்கா, சிட்டு இன்னைக்கு ஆடவே மாட்டேங்குது."

"வளர வளர அப்படித்தான். எல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான்," என்றாள் பெரியவள், ஊசியில் நூல் கோத்தபடி.

சின்னவள் குனிந்து, பெரியவள் மடியில் கிடந்த சிவப்புப் பட்டைக் குட்டியைத் தடவினாள். கை அதன் நெஞ்சுப் பக்கம் ஒரு நிமிஷம் நின்றது. பிறகு கையை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டாள். பெரியவளுக்கு நூல் மூன்று தடவை தவறியது. ஆனால் அன்று ராத்திரிச் சாப்பாடு அமிர்தமாக இறங்கியது.

அதற்குப் பிறகு மூன்று வாரம் பெரியவள் ராணி. மகளைப் போனில் கூப்பிட்டு, "இப்ப நம்ம பாபினும் ஆடுதுடி, என் மடியில மட்டும்தான்" என்றாள். மகள் கால் மணி நேரம் பேசினாள். எண்ணிப் பார்த்தால் அது ஒரு வருஷத்தில் மிக நீண்ட பேச்சு. குட்டியும் அவள் மடியை விட்டு நகரவில்லை. மாடிக்குட்டி சின்னவளின் இரண்டு ஜோடிச் செருப்பைத் தின்று, திரைச்சீலையைக் கிழித்து, மைத்துனனின் கணுக்காலைப் பதம் பார்த்துக்கொண்டிருக்க, இது பாட்டுக்குத் துணிக் குவியலில் படுத்துக் கிடந்தது. "என்ன அடக்கம், என்ன பாசம்!" என்று வந்தவர்களிடம் காட்டினாள். நான்கு அடி நடந்தால் உட்கார்ந்துவிடும். அதையும் பாசம் என்றே எடுத்துக்கொண்டாள். இருமியது. துணித் தூசி என்றாள். மெஷினில் ஒரு சின்னச் சத்தம் மாறினாலும் எழுந்து பார்க்கிறவளுக்கு, மடியில் கிடந்த உயிரின் கோளாறு கைக்குத் தட்டுப்படவே இல்லை. தட்டுப்பட்டது, அதற்கு அவள் வைத்த பெயர்தான் வேறு.

இரண்டாவது ஊசிக்கு இரண்டு பேரும் சேர்ந்து போனார்கள். கால்நடை டாக்டர் ஒரு பெண். கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே தேடும் ரகம். பினாயில் வாசனை அடிக்கும் சின்ன அறை, ஒரு ஸ்டீல் மேசை, ஒரு எடை மெஷின். முதலில் நீலப் பட்டையை மேசையில் ஏற்றி, சிட்டு என்று எழுதிய கார்டை எடுத்தார்.

"போன தடவை ஒரு கிலோ தொள்ளாயிரம். இப்போ..." எடையைப் பார்த்துச் சிரித்தார். "மூணு எழுநூறு! என்னம்மா போடுறீங்க இதுக்கு?" ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். "போன தடவை இதுக்கு லேசா ஒரு சத்தம் கேட்டுச்சு. நிறைய குட்டிங்களுக்கு இருக்கும், தானாப் போயிடும். உங்களைப் பயமுறுத்த வேணாம்னுதான் சொல்லல, கார்டுல மட்டும் எழுதி வெச்சேன். இப்ப சுத்தமா இல்ல. நல்லா இருக்கு."

அடுத்து சிவப்புப் பட்டை. ஸ்டெதஸ்கோப்பை வைத்தவர் எடுக்கவே இல்லை. இடம் மாற்றி வைத்தார். கையை வைத்தார். முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"இது இருமுதா?"

"தூசி..." என்றாள் பெரியவள்.

"நடந்தா உக்காந்துடுமா?"

"அது... என் மடியை விட்டுப் போகாது டாக்டர். பாசம். நெஞ்சுல கை வெச்சா கிர்ர்னு ஆடும்."

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "அது பாசம் இல்லம்மா. இதயத்துல ரத்தம் தப்பான வழியில பீச்சி அடிக்குது, அதுதான் கைக்குத் தெரியுது. மெஷின் ஓடுற மாதிரி விடாத சத்தம். நுரையீரல்ல தண்ணி கோத்திருக்கு. இது மூச்சு விடவே கஷ்டப்படுது. அதனாலதான் படுத்தே கிடக்கு."

பெரியவளுக்குக் காதில் ஒன்றும் விழவில்லை, மெஷின் என்ற சொல் மட்டும் விழுந்தது.

டாக்டர் பாபின் என்று எழுதிய கார்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஒண்ணு புரியல. சத்தத்தைக் கேட்டா பிறவிக் கோளாறுன்னு தோணுது. வயித்துல இருக்கும்போது இதயத்துக்குப் பக்கத்துல ஒரு குழாய் இருக்கும், பிறந்ததும் மூடிக்கணும். மூடலைன்னா இப்படித்தான் இருக்கும். நெஞ்சைத் திறந்து அதைக் கட்டிவிட்டா நாய் முழு ஆயுசும் ஓடி விளையாடும். ஆனா போன தடவை நானே கேட்டுட்டு, இதயம் சுத்தம்னு என் கையெழுத்துல எழுதியிருக்கேன். எடை ரெண்டு அறுநூறு. இப்போ ரெண்டு முந்நூறு. வளர்ற குட்டி எடை குறையுதுன்னா, பிறவியில வந்தது இல்ல. குட்டிங்களைத் தாக்குற ஒரு வைரஸ் இருக்கு, இதயத் தசையையே அரிச்சிடும். அதுக்கு ஆபரேஷன் கிடையாது, நெஞ்சைத் திறந்தா மேசையிலயே போயிடும். மாத்திரை எழுதித் தர்றேன். இருக்கிற வரைக்கும் கஷ்டப்படாமப் பாத்துக்குங்க."

அவர் எழுத ஆரம்பித்தார்.

பெரியவளுக்கு முதலில் வந்த நினைப்பைச் சொல்லாமல் விட்டால் அது பொய்க் கதை ஆகிவிடும். இது என் குட்டி இல்லை. என் குட்டி அதோ, மூணு எழுநூறு. வீட்டுக்குப் போனதும் டக், டக் என்று மாற்றிவிட்டால் போயிற்று, இது அவள் மாடியில் சாகட்டும். அப்படித்தான் நினைத்தாள். அடுத்த நொடி அந்த நினைப்பு அவளுக்கே அருவருப்பாக இருந்தது. மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் குட்டி செத்துப்போகும், ஏனென்றால் டாக்டர் வேறொரு நாயின் கார்டைப் பார்த்து மருந்து எழுதிக்கொண்டிருக்கிறார். அது இந்த அறையில் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தாள். ஓரக்கண்ணால் சின்னவளைப் பார்த்தாள். சின்னவள் சுவரில் தொங்கிய ஊசி அட்டவணையைப் படித்துக்கொண்டு நின்றாள்.

சொன்னால் மானம் போய்விடும். கணவர், மைத்துனன், மகள், எல்லோருக்கும் தெரிந்துவிடும். நாயைத் திருடினவள். அதுவும் சின்னவளிடமிருந்து. இனி ஆயுசுக்கும் அவள் உத்தமி, நான் திருடி.

மேசைமேல் குட்டி வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. பேனா பாதிச் சீட்டு வந்துவிட்டது.

"அந்தக் கார்டு இதோடது இல்ல டாக்டர்," என்றாள் பெரியவள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "நான்தான் கழுத்துப் பட்டையை மாத்திட்டேன். இதுதான் சிட்டு. மூணு வாரம் ஆச்சு. இது கிர்ர்னு ஆடுறது எனக்கு வேணும்னு இருந்துச்சு."

டாக்டர் பேனாவை வைத்தார். இரண்டு கார்டுகளையும் இடம் மாற்றிப் போட்டார். ஒண்ணு தொள்ளாயிரம், ரெண்டு முந்நூறு. லேசான சத்தம், இப்போது பெரிய சத்தம். எல்லாம் வரிசையாக உட்கார்ந்தது. கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு பெரியவளை ஒரு பார்வை பார்த்தார். திட்டவில்லை. சீட்டைக் கிழித்துப்போட்டுவிட்டு, பெரிய ஊர்க் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார். தண்ணீர் வடிய மாத்திரை, அடுத்த வாரமே ஆபரேஷன்.

சின்னவள் சிட்டுவைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

வீட்டில் ஆளாளுக்குப் பேசினார்கள். மைத்துனன் சிரித்து மழுப்பினான், "ஏன் அண்ணி, கேட்டிருந்தா குடுத்திருப்போமே." கணவர் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். மகள் போனில், "ஏம்மா அப்படிப் பண்ணுன?" என்று மட்டும் கேட்டாள். பெரியவளுக்குப் பதில் தெரிந்திருந்தது. மகளிடம் சொல்லக்கூடிய பதில் இல்லை அது.

ஆபரேஷன் அன்று காலை மைத்துனன் பட்டறை வேனில் இருவரையும் பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு, நிறுத்த இடம் தேடிப் போனான். குட்டியை உள்ளே வாங்கிக்கொண்டார்கள். நீளமான வராந்தாவில் இரும்பு நாற்காலிகள். இரண்டு ஓரகத்திகளும் நடுவில் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தார்கள். ஒரு மணி நேரம் போனது.

"எனக்கு அன்னைக்கே தெரியும்க்கா," என்றாள் சின்னவள் திடீரென்று.

"என்னைக்கு?"

"நீங்க மாத்துன அன்னைக்குச் சாயங்காலமே. உங்க மடியில கை வெச்சேன்ல."

பெரியவள் திரும்பினாள். "அப்புறம் ஏன்டி கேக்கல?"

சின்னவள் கைப்பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடினாள். "அது எனக்காக மட்டும்தான் ஆடுதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். உங்க மடியிலயும் அப்படியே ஆடுச்சு. பத்திக்கிட்டு வந்துச்சுக்கா எனக்கு. அப்படின்னா நீயே வெச்சுக்கோ, எனக்கு வேணாம்னு வெறுத்துப்போச்சு. சிட்டு மேலயும் கோவம், உங்க மேலயும் கோவம்."

"சரி. டாக்டர் ரூம்ல? அவங்க செத்துடும்னு எழுதிக்கிட்டிருந்தாங்களே. அப்ப வாயைத் திறந்திருக்கலாமே?"

சின்னவள் ஜிப்பை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். கண் நிறைந்திருந்தது, ஆனால் அழுது தப்பிக்கப் பார்க்கவில்லை. "திறக்கல. நல்ல குட்டி என் கையில இருக்குன்னு தோணுச்சு. எடுத்துக்கிட்டாங்கல்ல, அனுபவிக்கட்டும்னு தோணுச்சு. அந்த அட்டவணையில என்ன எழுதியிருந்துச்சுன்னு கூட எனக்குத் தெரியாது. நீங்க சொல்லலைன்னா நான் சொல்லியிருப்பேனான்னு... தெரியலக்கா. சத்தியமாத் தெரியல. ஒரு வாரமா இதேதான் அரிச்சுக்கிட்டு இருக்கு."

பெரியவளுக்கு ஆத்திரம் பொங்கி வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான்கு வருஷமாக ஊரே மெச்சுகிற இந்தப் பெண்ணை அவள் முதல் தடவையாகப் பார்த்தாள். தன்னளவுக்குச் சின்ன புத்தி. கொஞ்சமும் குறைவில்லை. அவளுக்குச் சின்னவளை அந்த நிமிஷம் ரொம்பப் பிடித்துப்போனது. நடு நாற்காலிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

"இதை என் மக கிட்ட சொல்லியிருக்கியா?"

"இல்லக்கா."

"சொல்லாத," என்றாள் பெரியவள். பிறகு, "சொன்னாலும் நம்ப மாட்டா," என்றாள்.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் கதவு திறந்து, பச்சை அங்கி போட்ட உதவி டாக்டர் வந்தார். குழாயைக் கட்டியாகிவிட்டது, மூச்சு நன்றாக இருக்கிறது, கண் விழிக்கிற நேரம், பழகின ஆள் ஒருத்தர் பக்கத்தில் இருந்தால் நல்லது என்றார். "ஒருத்தர் மட்டும்தான் உள்ள வரலாம். யார் வர்றீங்க?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

உதவி டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சின்னவள் உட்காரவில்லை. பெரியவளும் உட்காரவில்லை. கண் விழித்ததும் அது யார் முகத்தைப் பார்க்கும் என்று இரண்டு பேருக்கும் ஒரே நினைப்பு. பெரியவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓர் அடி எடுத்து வைத்தாள். பிறகு நின்றாள்.

"நீ போ," என்றாள், எரிச்சலோடு. "சீக்கிரம் போ, நான் மனசு மாறுறதுக்குள்ள."

சின்னவள் ஓடினாள். கதவு மூடியது. பெரியவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். உள்ளே இப்போது கண் திறந்திருக்கும், சின்னவள் கையை நக்கியிருக்கும், அவளும் சிட்டு, சிட்டு என்று கொஞ்சிக்கொண்டிருப்பாள், வெளியே வந்து ஒரு வாரத்துக்கு அதையே சொல்லுவாள். நினைக்க நினைக்க வயிறு எரிந்தது. கதவுக்கும் அவளுக்கும் நடுவே பத்து அடிதான் இருந்தது. பெரியவள் நாற்காலியின் இரண்டு கைகளையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள்.